அக்காவின் ஓட்டு

அன்புள்ள அண்ணா,

இந்த அர்த்தராத்திரியில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள், அக்காதான் தட்டிக்கொடுத்தாள்.

அக்காவைக் காப்பகத்தில் சேர்க்க நீ அனுப்பிய படிவத்தில் நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. பேனா எழுதவில்லை என்றால் நம்பமாட்டாய்.

சுவருக்கு என்ன நிறம் என்றால்கூட அப்பா எல்லோரையும் கை தூக்கச் சொல்வாரே, நினைவிருக்கிறதா? அக்காவுக்குப் புரிந்து முடிவெடுக்க அரை மணி ஆகும்.

"அக்காவுக்கு என்னப்பா தெரியும், அவளை விட்டுட்டு எண்ணுங்க" என்பாய்.

"அவளும் தூக்கட்டும்டா" என்று காத்திருப்பார். அவள் ஓட்டில்தான் நம் அறைக்கு ஆரஞ்சு நிறம் வந்தது. திட்டிக்கொண்டே அதில் மூன்று வருடம் படித்தாய்.

படிவத்தில் உனக்கும் எனக்கும் மட்டும்தான் இடம் விட்டிருக்கிறார்கள். இன்று அதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "நான் எப்போ கை தூக்கணும்?" என்றாள்.

அவளிடம் என்ன சொல்லட்டும்? சீக்கிரம் பதில் எழுது.

உன் தங்கை