உன் கண்ணுக்காகச் செய்த ஜெபம்

என் அன்பு மகளுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நாங்கள் மூவரும் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று சாப்பிட உட்காரும்போதெல்லாம் உன் அம்மா சத்தமாகவே கேட்டுக்கொள்கிறாள். கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே, நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். என் வலது கண்ணில் புரை எடுத்து ஆறு நாள் ஆகிறது, இன்னும் சில நாள் குனியக் கூடாது, எழுதக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இவளோ நான் இருமினால் அங்கே ஒரு முற்றுப்புள்ளி வைக்கிறாள், நான் பேசுவதைப் பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரித் திருத்துகிறாள், ஆனாலும் எனக்கு வேறு ஆள் இல்லை, இருக்கிற அவசரத்துக்கு இன்றே தபாலில் போட வேண்டும்.

கண்ணாடிக் கடைக்காரனுக்கே புரையா என்று சிரிப்பாய். முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரி. போன மாதம் தையல்கார அம்மா கண் பரிசோதனைக்கு வந்தார்கள், ஆமாம், அதே அம்மாதான். முதலாளிக்கே பார்வை மங்கிவிட்டது என்று நம் கடை எக்ஸ்பிரஸ் (லென்ஸ் தேய்க்க அரை நாள் எடுத்துக்கொள்பவருக்கு நீ வைத்த பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது) எதையோ முணுமுணுக்க, எனக்கு ரோஷம் வந்து, அந்த அம்மா முன்னாலேயே நாற்காலியில் உட்கார்ந்து சுவரில் இருந்த எழுத்துப் பலகையை மேலிருந்து கடைசி வரி வரை கடகடவென்று படித்துக் காட்டினேன். எக்ஸ்பிரஸ் மெதுவாக, முதலாளி ரொம்ப அருமையாப் படிச்சீங்க, ஆனா நீங்க படிச்சது பழைய போர்டு, அதை நேத்தே கழட்டி அலமாரிக்குப் பின்னாடி வெச்சுட்டேன், இது புதுசு என்றார். தையல்கார அம்மா சிரித்த சிரிப்பில் கடை அதிர்ந்தது. பல வருடமாக அந்தப் பலகையை மனப்பாடமாகச் சொல்லி எனக்கு நானே தேர்ச்சி கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன், மகளே.

கண்கட்டைப் பிரித்ததும் முதலில் உன் அம்மாவைப் பார்த்து, எப்போது இவ்வளவு நரைத்தது என்றேன். உங்களுக்கு இப்பத்தான் விடிஞ்சுதா என்றாள். சுவரில் விரிசல், தங்கையின் மூக்கில் மச்சம், காலண்டரில் சின்ன எழுத்து, எல்லாவற்றையும் சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டுப் படித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தேன். நேற்று கடைக்குப் போய், யாரும் சொல்லாமலே, மேஜை இழுப்பறையைத் திறந்து தையல்கார அம்மாவின் கண்ணாடிப் பவர் எழுதிய பழைய அட்டையை எடுத்தேன்.

(அக்கா, அப்பா எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். நான் காத்திருக்கிறேன்.)

மூன்று வருடத்துக்கு முன் அவர்கள் தலை சுற்றுகிறது என்று கண்ணாடியைத் திருப்பிக் கொண்டுவந்த நாள் உனக்கு மறந்திருக்காது. நான் ஒன்றே கால் என்று எழுதினேன், நீதான் லென்ஸுக்கு எழுதும்போது இரண்டே கால் என்று மாற்றிவிட்டாய் என்று அவர்கள் முன்னால் உன்னைத் திட்டினேன். அப்பா, அட்டையை நல்லாப் பாருங்க, உங்க கண்ணையும் ஒரு தடவை காட்டிட்டு வாங்க என்று நீ நீட்டினாய். நான் அதைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, ஒன்றே கால்தான் என்று சாதித்தேன். அடுத்த மாதமே நீ தூரத்து வேலைக்குப் போய்விட்டாய், அதற்குப் பிறகு நீயும் நானும் பேசியதெல்லாம் அம்மாவின் வாய் வழியாகத்தான். நேற்றுப் பார்த்தேன். இரண்டே கால். என் கையெழுத்து, என் மை.

இதைவிட வெட்கம் ஒன்று உண்டு. ஒவ்வொரு ஞாயிறும் சபையில் எழுந்து நின்று, ஆண்டவரே, என் மூத்த மகளின் கண்களைத் திறந்து அவள் தவற்றைக் காட்டும் என்று ஜெபித்தேன். பிறவிக் குருடனுக்கு ஆண்டவர் சேறு பூசிப் பார்வை கொடுத்த வேதப் பகுதியை அதே இடத்தில் நின்று எத்தனை முறை வாசித்திருப்பேன்! அந்தப் பகுதியின் முடிவில், எங்களுக்கா கண் தெரியவில்லை என்று நிமிர்ந்து கேட்டார்களே சில பெரிய மனிதர்கள், அவர்களை நினைத்து ஒவ்வொரு முறையும் பரிதாபப்பட்டேன். அதுவும் மனப்பாடம்தான் போலிருக்கிறது. நான் அந்தக் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தது தெரியவில்லை. ஆனால் பார், மகளே, ஜெபம் கேட்கப்பட்டுவிட்டது! கண் திறக்கத்தானே கேட்டேன், யாருடைய கண் என்பதை மட்டும் அவர் திருத்திக்கொண்டார். நேற்றிலிருந்து எனக்கு ஒரே நேரத்தில் அழுகையும் வருகிறது, பாடவும் தோன்றுகிறது.

தையல்கார அம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். எனக்கு அன்னைக்கே தெரியும், பொண்ணு முகத்துலயே தெரிஞ்சுதே என்றார்கள். வருகிற ஞாயிறு நான் ஜெபித்த அதே இடத்தில் நின்று இதை எல்லார் முன்னாலும் சொல்லப் போகிறேன், அம்மா போனைத் தூக்கிப் பிடிக்கிறாளாம், மனமிருந்தால் கேள். மனமில்லாவிட்டால் உன்னைக் குறை சொல்லமாட்டேன். மன்னிப்பாய் என்று நான் மனப்பாடமாக முடிவு செய்துகொள்ளவும் மாட்டேன், நீ சொல்லும் வரை காத்திருப்பேன்.

அட்டையை இதோடு வைத்திருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு, வேலை மும்முரத்தில் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே, வருடத்துக்கு ஒரு முறை கண்ணைக் காட்டு, வேறு யாரிடமாவது. கர்த்தர் உன்னைத் தம் நிழலில் வைத்துக் காப்பாராக.

(கடைசி வரியை நானே எழுதுவேன் என்று பேனாவைப் பிடுங்குகிறார், அக்கா. டாக்டரிடம் சொல்லிவிடாதே.)

நீ சரியாகத்தான் எழுதினாய், மகளே.

உன் அப்பா