சிவப்பு நூலில் ஒரு பொத்தான்

என்னங்க,

சோறு குக்கர்ல இருக்கு. நாலு மணிக்கு பிளம்பர் வருவார், குழாய் ஒழுகுற இடத்தைக் காட்டுங்க. நான் கண்காட்சிக்குப் போறேன். பன்னிரண்டு பேரோட வேலைப்பாட்டுல என் ஒட்டுத்துணிப் போர்வையும் ஒண்ணு.

உங்க அப்பாவோட காக்கிச் சட்டையைக் கேக்காம வெட்டினது தப்புதான். அதுக்காக நாலு நாளா முகத்தைத் தூக்கி வச்சுக்கணுமா? அவர் போனதுலருந்து அது பரண்ல பூச்சி அரிச்சுக்கிட்டுக் கிடந்துச்சு. நீங்க ஒரு நாள்கூடத் தேடல.

பி.கு: சின்ன வயசுல நீங்க அதுல சிவப்பு நூலால கோணல்மாணலா தைச்ச பொத்தானை நான் பிரிக்கல. போர்வைக்கு நடுவுல அதுதான் இருக்கு. "பார்க்க நல்லால்ல, எடுத்துடுங்க"ன்னு அமைப்பாளரம்மா சொன்னாங்க. "தைச்சவரே வந்து சொல்லட்டும், எடுக்கிறேன்"னுட்டேன்.

ஆறு மணிக்கு மூடிடுவாங்க.