ஓடின பிள்ளையின் கடைசிப் பக்கம்

பேராதனை, புதன்கிழமை

அன்புள்ள பாலம்மா அக்காவுக்கு, தம்பி வடமலை எழுதுவது. மூட்டுவலி குறைந்ததா? நான் நல்ல சுகம்.

உங்கள் மகள் தவமணி ஓடுவாள் என்று போன வருசமே எனக்குத் தெரியும். பல்கலைக்கழக நூலகத்தில் பதினோரு வருசமாக அமெரிக்க நாவல்களைத் தூசு தட்டுகிறவன் நான். அவற்றில் பதினாறு வயதுப் பிள்ளை கட்டாயம் வீட்டைவிட்டு ஓடும், பெரியவர்கள் எல்லாரும் பொய்க்காரர்கள் என்று சொல்லும். நம் பிள்ளையும் அச்சு அசல் அதே ஆள்தான்.

சனிக்கிழமை புத்தகப் பையோடு வந்து நின்றாள்.

"மாமா, அம்மா என்னயக் கேக்காமலே தேயிலைத் தோட்டத்துல கொழுந்தெடுக்கப் பேர் பதியப் போறாங்க. நான் படிக்கணும்."

"அடியே, நான் படிக்காத நாவலா? ஓடின பிள்ளை கடைசிப் பக்கத்துல வீட்டுக்கு வந்துரும். அம்மா வாசல்லயே நிப்பாங்க, ஒரு வார்த்தை ஏச மாட்டாங்க."

இரண்டு நாள் யோசித்துவிட்டு, "அப்படின்னா போறேன்" என்றாள்.

வெள்ளிக்கிழமை ரயிலில் அனுப்புகிறேன். ஸ்டேசனுக்கு ஆள் அனுப்புங்கள், அடிக்காதீர்கள். நீங்கள் இடித்த மிளகாய்த்தூள் கொஞ்சம் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். இங்கே எந்தக் கறியும் வாயில் வைக்க முடியவில்லை.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. ஒரு உண்மை, அக்கா. அந்த நாவல்களை நான் படித்ததில்லை, மாணவர்கள் கதை சொல்லுவார்கள். அவற்றில் எந்தப் பிள்ளையும் வீடு திரும்பவில்லை. பதினாறு வயதில் ஓடிவந்த நானும்தான். அந்தக் கடைசிப் பக்கம் நானாகக் கட்டியது. வாசலில் நில்லுங்கள்.

வடமலை