மூடியில் எழுதிய பெயர்

ஜூன் 4

அக்காவுக்கு,

போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். நலம் விசாரிப்பு கடைசியில், இடமிருந்தால்.

உன் கொள்ளைநோய் நாவல் வந்தது. முதல் பக்கத்தில் ‘லேப் விஷயங்களைச் சொல்லித்தந்த என் தம்பிக்கு’ என்று போட்டிருக்கிறாய். யாரைக் கேட்டுப் போட்டாய்? லேபில் புத்தகம் கைமாறிக்கொண்டிருக்கிறது. “ஏம்பா, வைரஸுக்கு ஆன்டிபயாடிக் குடுக்கச் சொன்னது நீதானா?” என்று கேட்டுச் சிரிக்கிறார்கள்.

உன் வைரஸ் ஆறு மணி நேரத்தில் ஆளைக் கொல்கிறது. அவ்வளவு அவசரமாகக் கொன்றால் அது எப்படி ஊர் முழுக்கப் பரவும்? சுமந்துகொண்டு நடக்க ஆள் வேண்டாமா? ஒரே நாளில் தடுப்பூசி வேறு. நாங்கள் ஒரு ரிப்போர்ட் கொடுக்கவே இரண்டு நாளாகிறது.

பதினோராம் அத்தியாயம்தான் உச்சம். உன் டெக்னீஷியன் நோயாளியின் பெயரை ரத்தக் குழாயின் மேல் எழுதாமல் மூடியில் எழுதுகிறான். மூடிகள் மாறிப்போகின்றன, ஊர் சாகிறது. அப்படி ஒரு மடையன் எந்த லேபிலும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லித்தருகிற பாடம் அது. அந்த அத்தியாயத்தை எடு. இரண்டாம் பதிப்பில் ‘என் தம்பிக்கு’ என்ற வரியையும் எடு.

இடமில்லை.

தம்பி


ஜூன் 12

அன்புத் தம்பிக்கு,

உன் வசவு கிடைத்தது. நீ சௌக்கியமாக இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன்.

ஆன்டிபயாடிக்கை எடுத்துவிடுகிறேன். வைரஸையும் கொஞ்சம் நிதானமாகக் கொல்லச் சொல்கிறேன். பதினோராம் அத்தியாயத்தில் மட்டும் கை வைக்க மாட்டேன். அது உன்னிடமிருந்து வந்ததுதான், மறந்துவிட்டாயா? உனக்குப் பத்து வயது. சமையலறை டப்பாக்களின் மூடியிலெல்லாம் கோணல் எழுத்தில் பெயர் எழுதினாய். அம்மா கழுவிக் காயவைத்து மாற்றி மூடிவிட்டாள். உப்புப் போட்ட டீயை அப்பா முழுசாகக் குடித்துவிட்டு, “இன்னிக்கு டீ கொஞ்சம் ஸ்ட்ராங்” என்றாரே! அதை எழுதும்போது சிரித்துக்கொண்டேதான் எழுதினேன்.

இதையெல்லாம் யார் படிக்கிறார்கள் என்று நினைக்கிறாய்? பஸ்ஸில் பக்கத்து ஆள் இருமினால் எழுந்துபோய் வேறு இடத்தில் உட்கார்ந்து, விட்ட பக்கத்தைத் தேடுகிறவர்கள். பயப்படத்தான் வருகிறார்கள். ஆனால் அந்தப் பயம் முந்நூறாவது பக்கத்தில் முடிகிறது. யாரோ ஒருவர் காரணத்தைக் கண்டுபிடித்துச் சொல்லிவிடுகிறார். ஊரில் பரவிய அந்தக் காய்ச்சலில் அப்பா சாகும் முன் வார்டில் கிடந்த ஐந்து நாளும் யார் நமக்கு என்ன சொன்னார்கள்? “பார்க்கலாம்.” அந்த ஒரு வார்த்தைதான். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நான் இப்படிப்பட்ட நாவல்களாகப் படித்துத் தள்ளினேன். வேறெதுவும் உள்ளே இறங்கவில்லை.

அதனால் இரண்டாம் பதிப்புக்கு முன்னுரை எழுதுகிறேன். இரண்டு நாள் “அந்தக் காய்ச்சல் இல்லை” என்று சொல்லி மருந்தே தொடங்காமல் விட்ட டூட்டி டாக்டரைப் பெயர் சொல்லியே எழுதப்போகிறேன். மாதக் கடைசியில் அச்சுக்குப் போகிறது.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா


ஜூன் 17

அக்காவுக்கு,

முன்னுரையை நிறுத்து. இந்தக் கடிதம் கிடைத்த உடனே நிறுத்து.

டாக்டர் மேல் தப்பில்லை. கையில் இருந்த ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் ‘இல்லை’ என்றார். அந்த ரிப்போர்ட் என் மேஜையிலிருந்து போனது.

அந்த வாரம் ஒரு நாளைக்கு நானூறு குழாய் வந்தது. ஒட்டுகிற லேபிள் தீர்ந்துவிட்டது. கண்ணாடியில் பேனா வழுக்கியது. மூடியில் எழுதினேன். அவசரத்துக்கு ஒரு தட்டு மட்டும்தான், நாற்பது குழாய். அதில் அப்பாவுடையதும் இருந்தது. மூடியைத் திறந்து வரிசையாக வைத்தேன், திரும்ப மூடும்போது ஒரு இடம் தள்ளிப்போயிருக்கிறது. பக்கத்துக் கட்டில்காரருக்கு ‘உண்டு’, அப்பாவுக்கு ‘இல்லை’. மூன்றாம் நாள் மறுபடி ரத்தம் எடுத்தபோதுதான் எனக்குப் புரிந்தது. ரிப்போர்ட்டைத் திருத்தி அனுப்பினேன். ஏன் திருத்தினேன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நீ சிரித்துக்கொண்டு எழுதிய பக்கத்தை நான் பஸ்ஸில் படித்தேன். இறங்க வேண்டிய இடம் போய்விட்டது. கடைசி ஸ்டாப்பில் கண்டக்டர் தோளைத் தட்டி, “அவ்ளோ இன்ட்ரஸ்டான புக்கா தம்பி?” என்றார்.

உன் டெக்னீஷியன் முந்நூறாவது பக்கத்தில் மாடியிலிருந்து குதித்துவிடுகிறான். நான் திங்கட்கிழமை வேலைக்குப் போனேன்.

திட்டி எழுது. எதையாவது எழுது.

தம்பி


ஆகஸ்ட் 2

அக்காவுக்கு,

ஆறு வாரமாகப் பதில் இல்லை.

லேப் தலைவரிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். வியாழக்கிழமை விசாரணை. டாக்டரையும் நேரில் பார்த்துச் சொன்னேன். அவர், “உங்க அக்காகிட்ட சொல்லியாச்சா?” என்று மட்டும் கேட்டார்.

நேற்று கடையில் இரண்டாம் பதிப்பைப் பார்த்தேன். நின்றபடியே புரட்டினேன். முன்னுரை இல்லை. ஆன்டிபயாடிக் இல்லை. பதினோராம் அத்தியாயம் ஒரு எழுத்து மாறாமல் இருக்கிறது. முதல் பக்கத்தில் என் வரியை எடுத்துவிட்டு ‘அப்பாவுக்கு’ என்று மட்டும் போட்டிருக்கிறாய். நான் கேட்டதுதான். குறை சொல்ல எனக்கு வாயில்லை.

ஆனால் வைரஸ் இன்னும் ஆறு மணி நேரத்திலேயே கொல்கிறது. மாற்றுகிறேன் என்று எழுதியிருந்தாயே? அது தப்பு அக்கா. அடுத்த பதிப்பிலாவது திருத்து. எத்தனை மணி நேரம் என்று தெரியாவிட்டால் என்னைக் கேள்.

தம்பி