விசில் ஊதிய பிறகு குனிந்த அத்தானுக்கு

அன்புள்ள அத்தான்,

அன்பு என்று கை தானாக எழுதிவிட்டது. இருப்பது கோபம்தான். உங்கள் காரியமெல்லாம் முடிந்தும் அது ஆறவில்லை.

கப்பல் சமையல்காரராகப் போய், கோபே துறைமுகத்தில் ஜூடோ கற்று, அதைப் பினாங்குக்குக் கொண்டுவந்தவர் நீங்கள். உங்களுக்கு முன் இங்கே அதை யார் கண்டார்கள்? வாடகைக் கிடங்கில் சாக்குக்குள் தேங்காய் நாரை அடைத்துப் பரப்பி, மாதக்கணக்கில் எங்களுக்கு விழ மட்டுமே பழக்கினீர்கள். ஊர் சிரித்தது. சிரித்தவர்களோடு சண்டைக்குப் போனவன் நான்.

பிறகு பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரி ஏறி, உங்களோடு மோதச் சவால் விட்டு வந்தான் மாரிமுத்து பயில்வான். தோற்றால் வகுப்பை மூடுவதாக வாக்குக் கொடுத்தீர்கள். குஸ்தியில் மரியாதையெல்லாம் விசிலுக்கு முன்பே முடிந்துவிடும். தெரியாதா உங்களுக்கு? விசில் ஊதிய பிறகு மேடையில் அவன் முன் நின்று, ஜூடோ வழக்கம் என்று தரையைப் பார்த்துக் குனிந்து வணங்கினீர்களே! குனிந்த கழுத்தைப் பிடித்து அப்படியே கவிழ்த்தான்.

"விசில் ஊதியாச்சுலா! நான் கையக் கட்டிக்கிட்டு நிக்கணுமா?" என்றான். கூட்டம் கைதட்டியது. நீங்களோ மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து, "சரிதானே தம்பி" என்றீர்கள். அந்தச் 'சரிதானே'யை நான் மன்னிக்கவே மாட்டேன்.

கிடங்கைப் பூட்டினீர்கள். அடுத்து வந்த காய்ச்சலில் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டீர்கள்.

இங்கத்திய சேதி கேளுங்கள். அதே கிடங்கில் இப்போது மாரிமுத்து ஜூடோ சொல்லித்தருகிறானாம், வாசலில் பலகை வேறு. நம் ஆட்களில் பாதிப்பேர் அங்கேதான். புதிதாகச் சேர்ந்த ஒருவன் விழத் தெரியாமல் விழுந்து, கை முறிந்து நம் வீட்டுக்கு வந்தான். அக்கா கட்டுப் போட்டுக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"வாக்குக் குடுத்தது அவரு, மூடினாரு. நீ குடுத்தியாடா?"

நேரே கிடங்குக்குப் போனேன். நான் ஜெயித்தால் பலகை இறங்க வேண்டும் என்றேன். "உங்க அத்தான் மாதிரி கும்பிடு போட்டுக்கிட்டு நிக்காதலா" என்று சிரித்தான், சம்மதித்தான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை, அதே மேடை. உங்கள் வெள்ளை ஜூடோச் சட்டையை எனக்கு அளவாகப் பிடித்துத் தைத்துவிட்டாள் அக்கா. குனியவே மாட்டேன் என்று அவளிடம் சத்தியம் செய்யப் போனேன். வாய் வரவில்லை. அந்த அளவுக்கு என்னைக் கெடுத்து வைத்திருக்கிறீர்கள்.

ஆகவே உங்களுக்கு வாக்குத் தருகிறேன். குனிவேன், விசில் ஊதிய பிறகே குனிவேன், ஊரே பார்க்கட்டும். ஆனால் என் கண் தரையில் இருக்காது, அவன் கையில் இருக்கும். கழுத்தைப் பிடிக்க வரட்டும்.

கோபம் தீராத உங்கள் மச்சினன்,
கோவிந்தன்