ஏ போர்ட்டியின் சைலன்சர்

இஞ்சாருங்கோ,

பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. கட்டிய நாள் முதல் இந்த ஒரு சொல்லால்தான் உங்களைக் கூப்பிட்டேன். காருக்கு அடியில் படுத்திருக்கும்போது இரண்டு மூன்று தரம் கூப்பிட்ட பிறகுதான் உங்கள் கால் மட்டும் கொஞ்சம் அசையும். இப்போது எத்தனை தரம் கூப்பிட வேண்டுமோ தெரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன். எங்கள் வதனிக்கு இது நிறைமாதம். மருமகன் வேலை அலுவலாகக் கொழும்புக்குப் போனவர், சண்டையால் பாதை திறக்காமல் அங்கேயே நிற்கிறார். பிள்ளைக்கு உங்கள் மூக்கு வரக்கூடாது என்று நான் பிள்ளையாருக்கு நேர்ந்திருக்கிறேன், கோபிக்க வேண்டாம். குறுக்கே திரும்பிக் கிடக்கிறது போல, வீட்டில் வைத்துப் பார்க்க ஏலாது, பெரியாஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்று மருத்துவிச்சி சொல்லிவிட்டா. அன்றிலிருந்து என் யோசனை முழுக்க உங்கள் காரில்தான்.

பண்டத்தரிப்பில் எங்கள் பக்கத்தில் இப்போது ஓடுகிற கார் உங்கள் பழைய ஏ போர்ட்டி ஒன்றுதான். என் தம்பி ராசன்தான் ஓட்டுகிறான். பெற்றோல் தடைப்பட்ட பிறகு நீங்கள் காட்டித் தந்த மாதிரியே கார்பரேட்டருக்குள் சில துளி பெற்றோல் விட்டு, ஹாண்டில் போட்டு, எஞ்சின் பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறான். பெற்றோல் வைக்கிற அந்த இருமல் மருந்துப் போத்தல் இப்போது என் அலுமாரிக்குள் இருக்கிறது. அலுமாரித் திறப்பு என் தாலிக்கொடி தொங்கிய இடத்தில் தொங்குகிறது. ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் போன அன்று காலை படலையில் வந்து நின்றவனை உங்களுக்கு முன்பின் தெரியாது. சுகமில்லாத குழந்தையோடு வழியில் வான் நின்றுவிட்டது என்றான். போத்தலில் இருந்ததை முழுக்க அவனுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு, பின்னேரம் வாங்கிக்கொள்ளலாம் என்றீர்கள். பின்னேரம் உங்களுக்கு நெஞ்சு நோ வந்தது. ராசன் கை புண்ணாகும் வரை ஹாண்டிலைச் சுற்றினான், கார் இருமியதே தவிரப் பிடிக்கவில்லை. ஊரையெல்லாம் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிய மனுசன், தன் கார் முற்றத்தில் நிற்க, விறாந்தையில் கிடந்து போனீர்கள். எனக்கு உங்களோடு இன்னும் கோபம் தீரவில்லை. அந்தக் குழந்தை பிழைத்ததா? அதையாவது யாராவது வந்து சொல்லியிருக்கக் கூடாதா?

இப்போது சைலன்சர். மண்ணெண்ணெய்ப் புகை தின்று தின்று அது இற்றுப்போனது உங்கள் காலத்திலேயே தொடங்கியதுதான். பால்மா வந்த மாப்பேணியை வெட்டித் தகரமாக்கி, கம்பியால் சுற்றி நீங்கள் போட்ட கட்டு ஒரு வருடம் தாங்கியது. பிறகு அதுவும் பிய்ந்து தொங்கியது. பின்சீற்றுக்குக் கீழே ஓட்டை விழுந்து புகை உள்ளே வந்தது. ராசன் அதன் மேல் ஈரச்சாக்குப் போட்டு வைத்தான். சாக்குக்குப் புகையை மறிக்கத் தெரியுமா? போன மாதம் கிளினிக்குக்குப் போய்வந்த வதனி இறங்கின கையோடு வேலி ஓரமாக நின்று சத்தி எடுத்தாள்.

சத்தத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. தொடக்கத்தில் கார் ஒழுங்கைக்குள் திரும்பினால் சனம் ஆமிக்காரரின் ஹெலி வருகுது என்று பங்கருக்குள் இறங்கியது. ராசனுக்குக் கிடைத்த திட்டு கொஞ்சமல்ல. போகப் போகப் பழகிவிட்டது. சத்தம் கேட்டால் 'அது ராசன்ரை கார்' என்று சொல்லிவிட்டுச் சனம் தன் பாட்டில் வேலையைப் பார்த்தது. பழகியது நல்லதென்றுதான் நானும் நினைத்தேன்.

சைலன்சரை மாற்றுவோமா என்று கராஜ்காரச் செல்லையா அண்ணையைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் காருக்குக் கீழே கிடந்து கனநேரம் பார்த்தார். எஞ்சினோடு குழாய் சேருகிற இடத்து ஆணிகள் துருவேறி இறுகிவிட்டனவாம். கழற்றும்போது ஒன்று முறிந்தாலும் கார் அந்த இடத்திலேயே நிற்க வேண்டியதுதானாம். மின்சாரம் இல்லாத ஊரில் அதைத் துளைத்தெடுத்து ஒட்டுகிறது யார்? எழும்பி நின்று கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"மாத்தச் சொல்லியும் சொல்லமாட்டன் பிள்ளை, விடச் சொல்லியும் சொல்லமாட்டன். ஓடுற காரிலை கை வைக்கிறதுக்கு எனக்குப் பயமாக் கிடக்கு."

ராசன் தொடவே வேண்டாம் என்றான். சத்தம் போட்டாலும் ஓடுகிறதே, குழந்தை பிறந்த பிறகு பார்க்கலாம் என்றான்.  புகையை நினைத்தால் மாற்றத்தான் வேண்டும். முறிகிற ஆணியை நினைத்தால் விடத்தான் வேண்டும். நீங்கள் இருந்தால் ஒரு பீடி முடிவதற்குள் முடிவு சொல்லியிருப்பீர்கள். நான் கிழமைக் கணக்காக அந்தக் காரைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

பிறகு அந்த மத்தியானம் வந்தது. வதனி கிணற்றடியில் முழுகிக்கொண்டிருந்தாள். தெற்கே சத்தம் கேட்டது. ராசன் மானிப்பாய்க்கு ஆளேற்றப் போனவன், சாப்பாட்டுக்கு வருகிறான் என்று நினைத்து நான் போய்ப் படலையைத் திறந்தேன். கார் உள்ளே திரும்பட்டும் என்று படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சத்தம் கிட்ட வந்தது. ஒழுங்கையில் காரைக் காணவில்லை. அண்ணாந்து பார்த்தேன்.

பனைகளுக்கு மேலால் அது வந்தது. ஒழுங்கையில் ஒருவரும் ஓடவில்லை. முன்வீட்டுப் பெண் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றா. வதனி தலையில் தண்ணீர் வார்த்துக்கொண்டு நின்றாள். எல்லோருக்கும் அது எங்கள் கார்.  ஹெலி எங்கள் கூரைக்கு மேலால் போய்க் கடற்கரைப் பக்கம் திரும்பியது. அன்று அது சுடவில்லை, அவ்வளவுதான். நான் பிறகும் படலையைப் பிடித்தபடியேதான் நின்றேனாம். ராசன் வந்துதான் என் கையைப் படலையிலிருந்து எடுத்துவிட்டான்.

அன்று பின்னேரமே முடிவு செய்தேன். மாற்றுவது என்று.

கனடாவுக்குப் போன தவத்தாரின் கார் ஷெட்டுக்குள் நிற்கிறதல்லவா, அதுவும் ஏ போர்ட்டிதான். அவருடைய தமக்கை மனோன்மணி அக்காவிடம் போய், சைலன்சரைக் கழற்றித் தருவீர்களா, விலையைச் சொல்லுங்கோ என்று கேட்டேன். அவ உள்ளே போய் ஷெட் திறப்பைக் கொண்டுவந்து கையில் வைத்தா.

"காசு வேண்டாம். ஊர் வெளிக்கிடேக்கை என்னையும் ஏத்து. அது போதும்."

ஊரே வீட்டை விட்டு எங்கே வெளிக்கிடப் போகிறது என்று நான் கேட்கவில்லை.  ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். 

செல்லையா அண்ணை ஆணிகளில் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தார். அடுத்த நாள் ஸ்பானர்ச் சாவியைப் போட்டுத் திருப்பும்போது ராசன் வேறுபக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். நான் பிள்ளையாரைக் கூப்பிட்டேனா உங்களைக் கூப்பிட்டேனா என்று நினைவில்லை. கடைசி ஆணி சிணுங்கிக்கொண்டு வந்தது, முறியவில்லை. உங்கள் மாப்பேணித் தகரத்தை எறிய மனம் வரவில்லை. கம்பியோடு எடுத்து மாட்டுக்கொட்டில் கூரை வளையில் செருகி வைத்திருக்கிறேன்.

இப்போது கார் பூனை மாதிரி வருகிறது. முதல்நாள் ராசன் முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தி என் முதுகுக்குப் பின்னால் "அக்கா" என்றபோது பயந்துபோய்க் கையிலிருந்த சுளகைப் போட்டுவிட்டேன். ஊரில் இப்போது வேறு கதை. நாங்கள் வெளிக்கிடத்தான் காரைத் திருத்துகிறோம் என்று சொல்லி இரண்டு வீட்டில் சாமான் கட்டுகிறார்களாம். நான் போய் இல்லை என்று சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்? எனக்கே நிச்சயமில்லை.

இன்னொன்றையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். காரின் சத்தம் நின்ற பிறகு, பலாலி ஆமிக் காம்ப் பக்கமிருந்து ஒரு முழக்கம் விட்டு விட்டுக் கேட்கிறது. முன்பும் இருந்ததோ, எங்கள் கார்ச் சத்தத்துக்குள் அமுங்கிக் கிடந்ததோ தெரியாது. செல்லையா அண்ணையும் கேட்டார். கேட்டுவிட்டுச் சாவிகளைப் பொறுக்கிப் பையில் போட்டார். சைலன்சர் மாற்றியதில் எனக்கு ஒரு லாபம்தான். இனிச் சத்தம் கேட்டால் அது கார் இல்லை என்று தெரியும்.

இன்று விடியவே வதனிக்கு நோ தொடங்கிவிட்டது. இடைவெளி விட்டுத்தான் வருகிறது, பொழுதுபட முன்னம் போய்ச் சேர்ந்தால் போதும் என்று மருத்துவிச்சி சொல்கிறா. என்னிடம் சில துளி பெற்றோல் வாங்கி வைத்துவிட்டு ராசன் ரேடியேற்றருக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நிற்கிறான். வதனி நடக்கிறாள், நிற்கிறாள், சுவரைப் பிடிக்கிறாள். "அப்பா இருந்தா இப்ப ஒரு பாட்டுப் பாடிக் கடுப்பேத்தியிருப்பர்" என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு அழுதாள். முழக்கம் இன்று காலையிலிருந்து இடைவெளி இல்லாமல் கேட்கிறது.

போத்தலை நான்தான் மடியில் வைத்திருப்பேன். சண்டிலிப்பாய் வயல்வெளிக்கு முன்னால் காரை நிறுத்தி எஞ்சினை அணைக்கச் சொல்லியிருக்கிறேன். மேலே ஒன்றும் இல்லை என்று கேட்டுத் தெரிந்த பிறகுதான் வெளியைக் கடப்போம். திரும்பவும் பிடிக்க வைக்கப் பெற்றோல் சில துளி கூடப் போனாலும் பரவாயில்லை. ஆனால் வழியில் யாராவது குழந்தையோடு நின்று கைகாட்டினால் நான் என்ன செய்வேன்? உங்களைத் திட்டிய வாயால் இல்லை என்று சொல்ல வருமா?

ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். இனிச் சத்தத்தைக் கேட்டு இந்தப் படலையைத் திறக்கமாட்டேன். முகத்தைக் கண்டுதான் திறப்பேன். நானே திரும்பி வந்து திறக்கக் கிடைத்தால், முதலில் உங்கள் பேரப்பிள்ளையின் முகத்தைப் படலைக்குக் காட்டுவேன். உங்கள் மூக்காகவே இருந்தாலும் பரவாயில்லை.

ராசன் கூப்பிடுகிறான். கார் பிடித்துவிட்டதாம். எனக்குக் கேட்கவே இல்லை.

உங்கள் போத்தலைக் காத்துக்கொண்டு முன்சீற்றில் ஏறுகிற,
வதனியின் அம்மா