டீச்சருக்கு நான் சொன்ன அடாப்டர்

ஈப்போ,
ஜூன் 3

மதிப்பிற்குரிய நவமணி டீச்சர் அவர்களுக்கு,

ஜொகூரில் நீங்களும் மகள் குடும்பமும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் சுகம்தான். முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முன்பே எனக்குத் தகவல் சொல்லிவிடுகிறது.

மூன்று வாரங்களுக்கு முன் தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டீர்கள். “சார், கோயில் கமிட்டி அனுப்பின மைக்கு வந்திருச்சு. கம்ப்யூட்டர்ல மாட்டுறதுக்குக் கடைக்காரன் மூணு சாமான் காட்டுறான் லா. எதை வாங்குறது?” ஒன்று, இயர்போன் ஊசி வைத்த அடாப்டர் வயர். இன்னொன்று, யூஎஸ்பி முனை வைத்த வயர். மூன்றாவது, குமிழ்களும் ‘48’ என்று எழுதிய பொத்தானும் உள்ள சின்னப் பெட்டி. முதல் வயரே போதும், பெட்டியெல்லாம் வீண் என்றேன்.

அது தவறான பதில். தெரிந்தே சொன்னேன்.

நம் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில், அன்று யார் வீட்டு உபயம் என்று மைக்கில் வாசிப்பது முப்பத்திரண்டு ஆண்டுகளாக என் வேலை. ரப்பர் தோட்டம் செம்பனையாகி, ஜனங்கள் ஆயர் தாவார் பட்டணத்துக்கும் சிங்கப்பூருக்கும் போன பிறகும், தங்கள் பெயரைக் கேட்க அன்று மட்டும் வந்துவிடுவார்கள். கும்பாபிஷேகத்துக்காக, இதுவரை உபயம் செய்த இருநூற்றுப் பத்துக் குடும்பங்களின் பெயர்களையும் குரலில் பதிவு செய்து ஒலிபரப்பப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டவுடன், யாரும் சொல்லாமலே நான் போய் ஒரு மைக்கும் அந்தப் பெட்டியும் வாங்கி வைத்தேன். பேரனிடம் கேட்டு இரண்டு வாரம் பழகினேன்.

பிறகுதான் கமிட்டித் தலைவர் தர்மா வந்தார். “சார், கோவிச்சுக்காதீங்க லா. உங்களுக்கு மூச்சு வாங்குது. நவமணி டீச்சர் குரல் இன்னும் ரேடியோ கணக்கா இருக்கு. அவங்க ஜொகூர்லேர்ந்தே பேசி அனுப்பட்டும்.” நல்ல முடிவு தம்பி என்றேன். அவர் போன பிறகு, அவருக்காகத் திறந்த பிஸ்கட் டின்னை மூடக்கூட எழுந்திருக்கவில்லை.

அன்று பழைய கணக்கெல்லாம் நினைவுக்கு வந்தது. பள்ளிக் காலைச் சபைகூடலில் நான் தொண்டை கிழியக் கத்தியும் அடங்காத பிள்ளைகள், நீங்கள் மைக்கருகே வந்து நின்றாலே அடங்குவார்கள். ஆண்டு விழாவில் என் வரவேற்புரைக்கு மரியாதைக்குக் கைதட்டினார்கள். உங்கள் நன்றியுரைக்கு உண்மையாகத் தட்டினார்கள். இருபது ஆண்டுகள் ஒரே ஆசிரியர் அறையில் எதிரெதிரே உட்கார்ந்து நான் இதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

உங்கள் மைக் பழுதில்லை, டீச்சர். நம் தோட்டத்து லயத்தில் மேட்டு வீடுகளுக்குத் தண்ணீர் ஏறாதது நினைவிருக்கிறதா? புதுக் குழாய் போட்டும் ஏறவில்லை. பம்ப் வைத்த பிறகுதான் ஏறியது. அந்த வயர் வெறும் குழாய். இந்த வகை மைக்குக்கு நாற்பத்தெட்டு வோல்ட் மின்சாரம் வெளியிலிருந்து வரவேண்டும். அதைத் தருகிற பம்ப் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. யூஎஸ்பி வயரை வாங்கியிருந்தாலும் இதே கதிதான்.

நேற்று தர்மா மறுபடி வந்தார். உங்களுக்கு வெறும் இரைச்சல்தான் விழுகிறதாம். “எனக்கு இதெல்லாம் வராது, வயசாயிருச்சு, சீனி சாரையே பேசச் சொல்லுங்க” என்று அழாத குறையாகச் சொன்னீர்களாம். “பதினஞ்சாம் தேதிக்குள்ள வேணும். நீங்களே பேசிருங்க லா, சார்” என்று பட்டியலை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

வேண்டியது கையில் கிடைத்துவிட்டது. ஆசையாகத்தான் உட்கார்ந்தேன். பதின்மூன்று பெயர்கள் நன்றாகவே வந்தன. பதினான்காவது என் வீரம்மா. தாலி கட்டிய ஆண்டிலிருந்து கண் மூடிய ஆண்டு வரை பானகம் உபயம் அவளுடையது. உங்களிடமிருந்து பறித்த இடத்தில் உட்கார்ந்து அவள் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. மைக்கை அணைத்துவிட்டேன்.

இந்தக் கடிதத்தோடு என் பெட்டியையும் அதற்கான வயர்களையும் அனுப்புகிறேன். நீங்களே பேசுங்கள், தர்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். என் மைக்கிலேயே சோதித்த பெட்டி, சரியாக வேலை செய்கிறது. முதலில் ஒலிக் குமிழைக் குறைத்து வையுங்கள். மைக்கைப் பெட்டியிலும் பெட்டியைக் கணினியிலும் மாட்டுங்கள். கணினியின் ஒலி அமைப்பில் இந்தப் பெட்டியின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். பிறகு ‘48’ பொத்தானை அழுத்தி, பேசிக்கொண்டே குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். பச்சை விளக்கு எரிந்தால் சரி. சிவப்பு வந்தால் அதிகம்.

பொறாமை தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அது இரண்டாவது பொய்யாகிவிடும். கும்பாபிஷேகத்தன்று உங்கள் குரல் கேட்கும்போது எனக்குக் கொஞ்சம் எரியத்தான் செய்யும். அதற்காக நீங்கள் குரலைத் தாழ்த்த வேண்டாம். உங்களுக்கு வயதாகிவிட்டது என்று உங்களையே நினைக்க வைத்துவிட்டேன். அதை மட்டும் மன்னியுங்கள். அம்மன் உங்கள் குரலை நெடுநாள் காக்கட்டும்.

பெட்டியை மாட்டியதும் ‘ஹலோ, ஹலோ’ என்று சோதிக்க வேண்டாம். பட்டியலில் பதினான்காவது பெயரை ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய சக ஆசிரியன்,
சீனி